சூலத்தை ஏமாற்றப் போன கதை

எங்கள் பெரியப்பாவுக்குச் சூலம் என்றால் அப்படியொரு பயம். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். நல்ல காரியமாக அந்தத் திசையில் காலெடுத்து வைத்தால் உருப்படாது என்பார். சித்தப்பாவுக்குப் பெண் பார்க்கக் குறித்த நாளோ வெள்ளிக்கிழமை. பெண்ணின் ஊரோ எங்கள் விருத்தாசலத்துக்கு நேர் மேற்கே. நாளை மாற்றப் பெண் வீட்டார் ஒத்துக்கொள்ளவில்லை. பெரியப்பா விடுவாரா? வழியை மாற்றிவிட்டார்.

"வயக்காட்டு வழியா அந்த ஊரைச் சுத்திகிட்டு அந்தாண்ட போயிடுவோம். அங்கேருந்து கெழக்கப் பாத்து நடந்து வூட்டுக்குள்ள நொழைவோம். சூலம் என்னா பண்ணும்?"

விடிந்ததும் கிளம்பினோம். குடையும் கையுமாக முன்னால் பெரியப்பா. பின்னால் அப்பா, பூவும் பழமும் வைத்த தட்டோடு அம்மா, அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி நான், கடைசியில் மாப்பிள்ளை. ஐப்பசி மழை அப்போதுதான் விட்டிருந்தது. வரப்பெல்லாம் வழுக்கல். இது யார் கொல்லை, அது நண்டு வளையா பாம்புப் பொந்தா என்று பெரியப்பா விளக்கிக்கொண்டே போனார். "இந்தப் பக்கத்துல என் காலு படாத வரப்பே கெடையாது" என்றவர், சொல்லி முடிப்பதற்குள் முழங்கால்வரை சேற்றுக்குள் இறங்கிவிட்டார். அப்பா இழுத்ததில் ஆள் வந்தார், செருப்பு வரவில்லை.

அதன்பிறகு அவருக்கு வழியும் தெரியவில்லை. ராகுகாலம் பிறப்பதற்குள் போய்ச் சேராவிட்டால் அப்படியே திரும்பிவிடுவார். அந்தச் சம்பந்தத்தைப் பற்றி மறுபடி யாரும் வாயைத் திறக்க முடியாது. சித்தப்பாவின் முகம் செத்துப்போனது. அண்ணன் முன்னால் நின்று பேசவே பயப்படுகிறவர், மெல்ல முன்னால் வந்தார்.

"அண்ணே, அந்தப் பனமரத்தாண்ட திரும்புனா வாய்க்கா மேல கல்லு போட்டிருக்கும்."

போட்டிருந்தது.

"ஒனக்கு எப்புட்றா தெரியும்?"

"ஒரு உத்தேசந்தாண்ணே."

எனக்கு ஒரே பெருமை. சித்தப்பாவுக்குப் பீங்கான் ஃபேக்டரியில் வேலை. தினமும் மாவில் புரண்டவர்போல வெள்ளையாக வீடு திரும்புவார். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்று போனால் மட்டும் காலெல்லாம் கறுப்புச் சேறாக வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு மண்ணில் கோப்பை செய்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அப்படிப்பட்டவர் உத்தேசத்திலேயே முள்வேலியில் இருந்த சந்துவழியைக் கண்டுபிடித்தார், நாங்கள் பெண் வீட்டுக் கொல்லைப்புறத்தில் போய் நின்றோம். ராகுகாலம் இன்னும் பிறக்கவில்லை.

அந்த வீட்டு நாய் குரைத்துக்கொண்டு பாய்ந்து வந்து பெரியப்பாவின் வேட்டியைக் கவ்வியது. ஐயோ என்று நாங்கள் அலறினோம். அது சித்தப்பாவைப் பார்த்ததும் வேட்டியை விட்டுவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு ஓடி அவர் காலடியில் மல்லாந்து படுத்தது.

"பாத்தீங்களா! மாப்ள யாருன்னு நாய்க்கே தெரியுது. சகுனம்னா இது சகுனம்!" என்றார் பெரியப்பா. பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே அவர் மனசில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம் வந்தது.

கூடத்தில் எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்கள். பெரியவர்கள் பேச்சு நின்ற நேரமாகப் பார்த்து நான் கேட்டேன்: "சித்தப்பா, அந்த நாயி ஒங்களப் பாத்து மட்டும் ஏன் கொலைக்கல?"

சித்தப்பா தன் தட்டிலிருந்த கேசரி முழுவதையும் அள்ளி என் வாயில் அடைத்தார். அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தனக்கென்று ஒரு வாய்கூட வைத்துக்கொள்ளாமல் எனக்கே ஊட்டிவிட்டாரே, என்மேல் எவ்வளவு பாசம் என்று அன்று வீடு திரும்பும்வரை உருகிக்கொண்டே வந்தேன்.