கறவைக்காரன் போன வழி

மாடு ஒரு தும்மல் போட்டாலும் மாட்டுக்காரர் முதலில் முறைப்பது கறவைக்காரனைத்தான். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் தலையாட்டுவீர்கள். பாபநாசம் பக்கம் தினமும் ஆறு வீட்டில் கறக்கிறேன். ஆறாவது என் வீடு. அங்கே பசு கன்று போட்டுப் பத்து நாள். எங்கள் கொட்டகையிலேயே பிறந்த முதல் கிடேரிக் கன்று என்பதால் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வெறும் வாய்

முதல் வீடு ஸ்டெல்லா டீச்சருடையது. ஒருநாள் விடியலில் போனால், அவர் மாடு எதையும் தின்னாமலே சப்புக் கொட்டிக்கொண்டு நின்றது. எச்சில் நூலாகத் தரைவரை தொங்கியது. வாயைப் பிளந்து பார்த்தேன், நாக்கெல்லாம் கொப்புளம். கோமாரி, வாயிலும் குளம்பிலும் புண் வைக்கும் நோய். காம்பிலும் இரண்டு கொப்புளம். வலிக்காமலிருக்க விளக்கெண்ணெய் தடவிக் கறந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். கிளம்பும்போது டீச்சர் சொன்னது: "ராத்திரி பூரா யாரோ சாப்பிடுற சத்தம் கேட்டுச்சுப்பா. போய்ப் பாத்தா புல்லு வச்சது வச்சபடி இருக்கு."

கருநாக்கு

மூன்றாம் நாள் இரண்டாவது வீட்டு மாட்டுக்கும் வந்தது. அப்புறம் மூன்றாவது. நான்காவது வீட்டு ராஜேந்திரனிடம், "அடுத்தது நீங்கதான்" என்று விளையாட்டாகச் சொல்லி வைத்தேன். இரண்டே நாளில் அவர் மாடும் நுரை தள்ளியது. அவர் சொன்னார்: "கறக்க மட்டும் வா. வாயத் தொறக்காத, உனக்குக் கருநாக்கு."

சண்டைக்காரர்

மூன்றாவது வீட்டுக்கும் நான்காவது வீட்டுக்கும் நடுவில் கலியபெருமாள் வீடு. மடியில் பாலை விட்டுவிட்டு வருகிறேன் என்று பழி போட்டதிலிருந்து அவர் படியை நான் மிதிப்பதில்லை, அவரே கறந்துகொள்கிறார். இரண்டு பக்கமும் மாடுகள் நொண்ட, நடுவில் அவர் மாடு மட்டும் நிம்மதியாக அசைபோட்டது. எரிச்சலோடு தாண்டிப் போன என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நீ வராத வீட்டுக்கு மட்டும் அது வரல, பாத்தியா?"

டாக்டரின் பேனா

அதற்குள் ஐந்தாவது வீட்டிலும் வந்துவிட்டது. மாட்டு டாக்டர் நோய் கண்ட வீடுகளை வரிசையாக எழுதினார். பிறகு நான் கறக்கப் போகும் வரிசையைக் கேட்டார். சொல்லச் சொல்ல, புதிதாக எதையும் எழுதாமல் டிக் மட்டும் அடித்துக்கொண்டே வந்தார். என் சட்டைப்பையிலிருந்த எண்ணெய் டப்பாவை வாங்கித் திறந்து பார்த்தார். எல்லா வீட்டுக் காம்பையும் தொட்ட விரலை அந்த ஒரே டப்பாவில்தான் விட்டு விட்டு எடுத்திருந்தேன். பாவி, நானேதான் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். டாக்டர் கேட்டார்: "அஞ்சு வீடு ஆச்சு. ஆறாவது யாரு வீடுங்க?"

ஆறாவது

வண்டியை விரட்டிக்கொண்டு போனேன். கோமாரிக்குப் பெரிய மாடு தப்பும், பால்குடிக் கன்று தப்பாது; கொட்டகைக்குள் போகப் பயந்து வாசலிலேயே நின்றேன். பசு ஒரு முறை கத்தி ஓய்ந்தது. என் மனைவி செல்வி மெதுவாக வெளியே வந்தாள். "நல்லாத்தாங்க முட்டி முட்டிக் குடிச்சுது. குடிச்சுக்கிட்டே அப்படியே சரிஞ்சிடுச்சு."

இப்போதெல்லாம் வீட்டுக்கு வீடு சோப்புக் கேட்டு வாங்கிக் கை கழுவுகிறேன். ஊரில் எனக்குச் சுத்தக்காரன் என்று நல்ல பெயர்.