அண்ணை என்று கூப்பிட்ட முதலாளி

பாரிசில், லா சப்பலில் நான் வேலை செய்த சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவியவர் ஒரு பல்கேரியாக்காரர். தன் ஊரில் அவர் சோசலிஸ்ட், நகரசபை உறுப்பினராக இருந்தவர். 2009க்குப் பிறகு அங்கே பொருளாதார நெருக்கடி முற்றியபோது, ஊரின் பிரசவ ஆஸ்பத்திரியை மூடுவதற்குக் கை உயர்த்தும்படி கட்சி சொல்லியிருக்கிறது. இவர் ஒருவர்தான் உயர்த்தவில்லை. அடுத்த தேர்தலில் இவருக்கு இடம் கொடுக்கவில்லை.

"ஆஸ்பத்திரி தப்பியதா?" என்று கேட்டேன்.

"இல்லை, மூடிவிட்டார்கள்" என்றார், கழுவுவதை நிறுத்தாமல்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. தோற்கப்போகிற இடத்தில் எதற்கு இந்த வீம்பு?

பிறகு நெருக்கடி எங்கள் கடைக்கும் வந்தது. ஒருநாள் காலை முதலாளி குசினிக்குள் வந்து, "தம்பியவை, நிலைமை தெரியும்தானே. இனிச் செவ்வாய்க்கிழமை லீவு இல்லை. எல்லாருக்கும் ஓம்தானே?" என்றார்.

அவர் எங்கள் ஊர்க்காரர். விசா இல்லாத காலத்தில் எங்களுக்குப் படுக்க இடம் தந்தவர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். அண்ணை என்று கூப்பிட்ட வாயால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அது அவருக்கும் நன்றாகவே தெரியும். மற்றவர்கள் "ஓம் அண்ணை" என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

பல்கேரியாக்காரரிடம் முதலாளி பிரெஞ்சில் கேட்டார். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "நோன், முசியூ" என்றார். முடியாது ஐயா, அவ்வளவுதான். எவ்வளவு லேசாக வந்தது அந்த மனுசனுக்கு!

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு தம்பி."

வெங்காயம் வெட்டிய கத்தியைக் கீழே வைத்தேன்.

"நோன், முசியூ."