பாடைக்கு முன்னால் நடந்த தாளம்

பெரியப்பா செத்த அன்று தப்பு மேளம் அடிக்க ஓர் ஆள் குறைந்தது. ஒருவன் கொழும்புக்கு வேலைக்குப் போயிருந்தான். பதுளையில் படித்தபோது மிருதங்கத்தில் நாலாம் தரப் பரீட்சை வரை பாஸ் பண்ணியிருந்ததால் நானாகவே கேட்டேன்.

"படிச்ச புள்ள தப்படிக்கிறதா?" என்றார் அம்மா.

தப்புக்காரர்களுக்கு மூத்தவர் என் அத்தை மகன், மச்சான். கடுதாசியைக் கொளுத்தி தப்பைக் காய்ச்சிக்கொண்டே, "சர்டிபிகேட்ட கையோட கொண்டாந்தியா மாப்ள?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சாவு வீட்டில் அப்படித்தான் சிரிப்பார்கள்.

தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் என் அடி எடுபட்டது. எண்ணி எண்ணித்தான் அடித்தேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அது எனக்குத் தெரிந்தது.

இடுகாட்டுக்குத் தேயிலைக்குள் இறங்கும் ஒற்றையடிப் பாதை. காலையில் மழை. பாடை தூக்கியவர்கள் தப்புச் சத்தத்துக்குத்தான் கால் வைப்பார்கள். சரிவில் மற்ற மூவரும் அடியைத் தளர்த்தினார்கள். நான், மூன்று சுற்று அடித்து முடிக்கும் ஒரு மிருதங்கத் தீர்மானத்தின் நடுவில் இருந்தேன். இன்னும் இரண்டு சுற்று பாக்கி. முடித்துவிட்டே தளர்த்தலாம் என்று நினைத்தேன்.

"டேய், நிறுத்துடா!" பின்னால் பாடைப் பக்கமிருந்து கத்தினார்கள்.

பாடை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. முன்னால் தூக்கிய சித்தப்பா முழங்கால் சேற்றில் ஊன்றியிருந்தார். பெரியப்பாவின் மாலை தேயிலைச் செடியில் கிடந்தது. பெரியப்பா விழவில்லை, விழப் பார்த்தார்.

மச்சான் என் குச்சியைப் பிடுங்குவார் என்றுதான் நின்றேன். "முதுகக் காட்டிக்கிட்டு எண்ணினா எப்புடி? திரும்பி நட. அவங்க காலப் பாரு" என்றார்.

பின்னோக்கி நடந்தபடி அடித்தேன். எட்டுக் கால்கள், சேறு. அதற்குப் பிறகு எண்ணியதாக ஞாபகமில்லை. கடைசி வளைவில் சித்தப்பா தோள் மாற்ற ஒற்றைக் காலில் நின்றார். என் கை அந்த அடியை இழுத்துப் பிடித்தது. அப்படி இழுக்க எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவர் கால் தரையில் பட்டதும் என் அடியும் மற்ற மூன்று தப்புகளோடும் ஒரே இடத்தில் போய் விழுந்தது. அப்படி விழுவதற்குப் பள்ளிக்கூடத்தில் ஆறு வருசம் எண்ணியிருக்கிறேன்.

பெரியப்பாவைச் சாயாமல் குழிக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். சித்தப்பா முழங்கால் சேற்றை வழித்துப் போட்டார்.

மச்சான் பீடி பற்ற வைத்துக்கொண்டு, "கருமாதிக்கும் வந்துரு" என்றார். "அந்த மிச்சச் சுத்த மட்டும் வீட்டுலயே முடிச்சிட்டு வா."