கூலி பெறாத கையொப்பம்

ஜப்பானியர் காலத்தில் பால்வெட்டு நின்றுபோனபின், புக்கிட் பெலண்டோக் அருகே எங்கள் ரப்பர்த் தோட்டத்து நோயாளிக் கொட்டகையில் என் அண்ணன் தொண்டராகச் சேர்ந்தார். கொட்டகையை நடத்திய தர்ம சபை அவரிடம் ஓர் உடன்படிக்கை எழுதி வாங்கியது: கூலியோ உணவோ பெறாமல், சபை விடுவிக்கும்வரை பணி செய்வேன். முத்திரைத் தாளில் கையொப்பமிட்டவன் வேலையில் இருப்பவன் என்றே லயத்து வீடுகளில் எல்லாரும் நம்பினோம். வேலையில் இருப்பவனை ஜப்பானியர் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துச் செல்லமாட்டார்கள் என்றும் நம்பினோம்.

அண்ணன் நோயாளிகளின் புண்களைக் கழுவினார், கஞ்சி ஊற்றினார். தாம் ஒரு வாயும் குடித்ததில்லை.

"ஊருக்கெல்லாம் கஞ்சி ஊத்துற தொரைக்கு வீட்டுல மரவள்ளிக்கிழங்குதான் லா," என்று அண்ணி தட்டை நகர்த்துவார்.

"எழுதிக் குடுத்துட்டு அதுல கை வைக்கச் சொல்றியா?" என்பார் அண்ணன்.

ஆள் பிடிக்க லாரி வந்த அன்று ஆண்களை ஆபீஸ் முன் நிறுத்தினார்கள். அண்ணன் உடன்படிக்கையை நீட்டினார். ஜப்பானிய அதிகாரி அதைப் படித்துச் சொல்லச் செய்தபின், ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சம்பளம் என்னான்னு கேக்குறாருய்யா," என்றார் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி. குரலைத் தாழ்த்தி, "கஞ்சியாச்சும் வாங்குறேன்னு சொல்லு, போதும்," என்றார்.

அண்ணி முந்திக்கொண்டார். "ரெண்டு வேளையும் அங்கதாங்க குடிக்கிறாரு! வீட்டுல திங்கிறதே இல்ல!"

"இல்லீங்க," என்றார் அண்ணன். "நான் ஒண்ணும் வாங்குறதில்ல."

அண்ணன் இல்லையென்று தலையசைத்ததற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. லாரியில் ஏற்றினார்கள். சயாமிலிருந்து அவர் திரும்பவில்லை.

பிற்காலத்தில் நான் சட்டம் படித்தேன். ஊதியமற்ற பணி, கையொப்பம் இட்டதனால் மட்டும் வேலையாகிவிடாது. ஆயினும், 'சபை விடுவிக்கும்வரை' என்ற கட்டுப்பாட்டைப் பற்றிக்கொண்டு அண்ணனுக்காக மனத்துக்குள் பலமுறை வாதாடியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவரே எழுந்து இல்லை என்கிறார்.

அண்ணி சென்ற மாதம் காலமானார். படுக்கையில் இருந்தபோது, இத்தனை ஆண்டுகள் கேட்காததை என்னிடம் கேட்டார்.

"எழுதிக் குடுத்தது வேலையே இல்லியா, தம்பி?"

"கூலி இல்லாட்டி வேலையில்ல, அண்ணி."

"அப்ப ஒரு வாய் குடிச்சிருந்தா, அவரு இருந்திருப்பாரா?"

அண்ணியின் மனம் ஆறவாவது ஆம் என்று சொல்லியிருக்கலாம். "அத யாராலயும் சொல்ல முடியாது, அண்ணி," என்றேன்.



"நீயும் அவரு மாதிரியேதான் லா," என்று அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.