ஷில்பா திரும்பி வரக்கூடாது என்று ஜெபித்தேன்

என் வேலை போன அதே மாதம்தான் என் கணவரும் படுத்த படுக்கையானார். என் பெயர் எஸ்தர். லிங்கராஜபுரத்தில் இருக்கிறேன். டயாலிசிஸ் டெக்னீஷியன். ஒன்பது வருஷம் வேலை பார்த்த சின்ன ஆஸ்பத்திரியைப் போன வருஷம் பிப்ரவரியில் மூடிவிட்டார்கள். ஆட்டோ ஓட்டும் என் கணவருக்கு விபத்தில் இடுப்பு எலும்பு உடைந்து இரண்டு ஆபரேஷன். போன இடமெல்லாம் "வயசு நாற்பத்தொண்ணா? ஃபோன் பண்றோம்" என்றார்கள். ஒருவரும் பண்ணவில்லை. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். கணவர் காதில் விழக்கூடாதே.

ஜூனில் வேறொரு ஆஸ்பத்திரியில் ஒரு வேலை கிடைத்தது. ஷில்பா என்ற கன்னடப் பெண் பிரசவ லீவில் போனாள். அவள் வரும்வரை, ஆறு மாதம் மட்டும், அவள் இடத்தில் நான். எந்த நோயாளிக்கு பிபி சட்டென்று இறங்கும், யார் ஊசிக்குப் பயப்படுவார் என்பதுவரை எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் அவள் போனாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தினமும் காலையில் பஸ்ஸில் ஜெபித்தேன். 'ஆண்டவரே, அவள் திரும்பி வரக்கூடாது. வீட்டிலேயே இருந்துவிடட்டும்.'

மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஒரு மதியம் ஷில்பாவிடமிருந்து ஃபோன். மாதம் நிறையாமலே குழந்தை பிறந்து, வென்டிலேட்டரில் வைத்திருக்கிறார்கள்.

"அக்கா, நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. என் பாப்பாவுக்காகப் பிரார்த்தனை பண்ணுங்க. எனக்கு வேற யாரைக் கேக்கறதுன்னு தெரியல."

நான் கேட்டதுதான் இப்படி நடக்கிறதோ என்று பயந்துபோனேன். ஸ்டோர் ரூமில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே முழங்கால் போட்டேன். 'அந்தக் குழந்தை பிழைக்கணும். அவள் இந்த வேலைக்குத் திரும்பி வரணும். எனக்கு இந்த வேலை வேண்டாம்.' கடைசி வரியைச் சொல்லும்முன் வீட்டில் படுத்திருப்பவர் முகம் கண்முன் வந்தது. இருந்தும் சொன்னேன்.

இருபத்திரண்டு நாள் கழித்துக் குழந்தை தானாக மூச்சுவிட்டது. டிசம்பரில் ஷில்பா வேலைக்கு வந்தாள். அன்று சாயங்காலமே நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் நட்சத்திரம்கூடக் கட்டவில்லை. 'ஆண்டவரே, கேட்கிறீரா?' அதற்கு மேல் எனக்கு ஜெபிக்க வரவில்லை.

ஜனவரி முதல் வாரம் ஷில்பா கூப்பிட்டாள். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி, ஊரின் மறுகோடியில் இருக்கும் பொம்மனஹள்ளியில் புது டயாலிசிஸ் பிரிவு திறக்கிறதாம். சீனியர் என்று அவளைத்தான் போகச் சொன்னார்களாம்.

"பாப்பாவை விட்டுட்டு அவ்ளோ தூரம் முடியாது, எஸ்தர் அக்காவைப் போடுங்கன்னு சொல்லிட்டேன். பேஷன்டுங்க எல்லாம் இன்னும் உங்களைத்தான் கேக்கறாங்க. நாளைக்கே சர்டிஃபிகேட் எடுத்துட்டு வாங்க அக்கா."

பெர்மனென்ட் வேலை. பஸ் மாறி மாறிப் போகிறேன். கணவர் வாக்கர் பிடித்து வாசல்வரை நடக்கிறார்.

முதல் சம்பளம் வாங்கிய வாரம் ஷில்பா வீட்டுக்குப் போய், நான் பஸ்ஸில் ஜெபித்ததை மறைக்காமல் சொன்னேன். அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"இப்ப பிரார்த்தனையில என்ன கேக்கறீங்க?"

"பாப்பா நல்லா இருக்கணும்னு."

"சரி, இவளைப் பிடிங்க. காபி போட்டுட்டு வரேன்" என்று குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

வேலையில்லாமல் தவிக்கும் சகோதர சகோதரிகளே, மனதில் இருப்பது எப்படிப்பட்டதாக இருந்தாலும் ஆண்டவரிடமே போய்க் கொட்டுங்கள். எதைக் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நான் முதலில் கேட்டதை அவர் கொடுக்கவில்லை. அதற்குத்தான் முதல் ஸ்தோத்திரம்.