பள்ளி வேனின் கடைசி சீட்டு

பிள்ளைகளுக்குச் செயற்கை நுண்ணறிவு சொல்லிக் கொடுக்கும் தொழிலில் மெஷினைக்கூட வழிக்குக் கொண்டுவந்துவிடலாம், பெற்றோரைத்தான் முடியாது. டியூஷன் எடுத்தே தொண்டை வற்றிப்போன சக ஜீவன்களே, உங்களுக்குத் தெரியாததா? மலேசியாவில், கிள்ளானில் ஓர் அச்சகத்துக்கு மேல்மாடியில், சனிக்கிழமை காலையில் என் வகுப்பு. பன்னிரண்டு வாண்டுகள், நாலு லெப்டோப், ஒரே ஒரு ஃபேன். புத்தகம் கிடையாது. எதையாவது செய்து, கெடுத்து, மறுபடி செய்வதுதான் பாடம்.

செருப்பு சொன்ன வருகை

பேர் கூப்பிட்டு வருகை எடுப்பது எனக்குப் பிடிக்காத வேலை. "மெஷினையே எடுக்க வைங்க பார்ப்போம்" என்றேன். பதினாலு வயது கவிதா யோசித்தாள். "முகத்தைப் பிடிச்சா தலையத் திருப்பிடுவாங்க டீச்சர். வாசல்ல கழட்டிப் போடற சிலிப்பரப் பிடிக்கலாம்." அடேயப்பா, என்ன மூளை! ஒவ்வொருவர் செருப்பையும் விதவிதமாகப் படமெடுத்து மெஷினுக்குப் பழக்கினோம். வாசலில் ஒரு பழைய போனைக் கட்டித் தொங்கவிட்டோம். இரண்டு வாரம் ஜோராக ஓடியது.

மூன்றாவது வாரம் ஹரிஷ் வந்திருப்பதாக மெஷின் சொன்னது. அவனோ காய்ச்சலில் வீட்டில் கிடக்கிறான். பார்த்தால், அவன் தங்கை ஷாலினி அண்ணன் செருப்பைப் போட்டு இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். "நாம காட்டினதுதான் மெஷினுக்குத் தெரியும், ஆளைத் தெரியாது" என்று கால் மணி நேரம் விளக்கினேன். ஷாலினி பயபக்தியோடு கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அப்ப திங்கக்கிழம ஸ்கூலுக்கு சிலிப்பர மட்டும் அனுப்புனா போதுமா டீச்சர்?"

மாடிப்படியில் வந்த கெடு

கவிதாவின் அப்பா சேகர் அண்ணன் பள்ளி வேன் ஓட்டுகிறவர். ஒருநாள் மூச்சுவாங்க மாடியேறி வந்தார். மகளுக்குக் கணக்கில் மார்க் இறங்கிவிட்டதாம், சனிக்கிழமை இதே நேரத்தில் ஒரு கணக்கு டியூஷன் இருக்கிறதாம். "இந்த மாசம் பாப்பேன் டீச்சர். உருப்படியா ஒண்ணு செஞ்சு காட்டட்டும். இல்லன்னா அங்கதான்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் பெற்றவர் கவலையைத் தப்பு சொல்ல முடியுமா? கவிதா போய்விட்டால் என் வகுப்பே களையிழந்துவிடும் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். அவளோ அழவில்லை. அப்பா கீழே இறங்கும்வரை காத்திருந்து என்னிடம் சொன்னாள்: "அப்பாக்கு முட்டி வலி டீச்சர். எறங்காம கண்ணாடியிலயே பின்னால பாத்துட்டு வேனப் பூட்டிருவாரு. கடைசி சீட்டுல பிள்ள தூங்குனா தெரியாது. அதுக்கு ஒண்ணு செய்வோமா?"

புத்தகப் பை அடித்த கூத்து

வேன் கூரையில் கேமரா. எஞ்சினை அணைத்ததும் உள்ளே பிள்ளை யாராவது இருந்தால், கவிதா குரலிலேயே "அப்பா, ஆள் இருக்கு!" என்று கத்த வேண்டும். மூன்று சனிக்கிழமை வாண்டுகளை உட்காரவைத்து, சாயவைத்து, தூங்குவதுபோல் நடிக்கவைத்துப் படமெடுத்தோம். சிலது நிஜமாகவே தூங்கிவிட்டது.

மாதக் கடைசியில் சேகர் அண்ணன் முன்னால் சோதனை. ஷாலினியைப் படுக்கவைத்தோம், கத்தியது. எல்லாரும் கை தட்டினோம். அவளை இறக்கிவிட்டோம், அப்போதும் கத்தியது! அண்ணன் முட்டியைப் பிடித்துக்கொண்டு கடைசி சீட்டுவரை போனார். அங்கே யாரோ மறந்துவிட்டுப் போன புத்தகப் பை. படமெடுத்தபோது பாதிப் பிள்ளைகள் பையைக் கட்டிப்பிடித்தே உட்கார்ந்திருந்தது எனக்கு உறைத்தது. பையும் பிள்ளைதான் என்று மெஷின் முடிவு செய்துவிட்டது. டீச்சர் என்று நான் ஒருத்தி எதற்கு? கவிதா முகம் தொங்கிப்போனது. அண்ணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஆளே இல்லாம ஆள் இருக்குன்னு கத்துதே லா. இதுக்கா டீச்சர் மூணு சனிக்கெழம?"

திருத்த வேண்டாத தப்பு

"ஒரு வாரம் குடுங்கப்பா, சரி பண்ணிடறேன்" என்று கவிதா கெஞ்சினாள். அவர் கேமராவைக் கழற்றாமலே வேனை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த சனிக்கிழமை வகுப்பு தொடங்கி அரை மணி ஆகியும் அவள் வரவில்லை. கணக்குக்குப் போய்விட்டாள் என்றே முடிவு கட்டினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது.

அப்புறம் படியில் காலடிச் சத்தம். முன்னால் கவிதா, பல்லெல்லாம் சிரிப்பு. பின்னால் முட்டியைத் தேய்த்துக்கொண்டு சேகர் அண்ணன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்: "தெனமும் ஒரு பையப் பாத்துக் கத்துது டீச்சர். தெனமும் திட்டிக்கிட்டே பின்னால போறேன். இத்தன வருசம் வேன் ஓட்டுனேன், இந்த ஒரு வாரந்தான் கடைசி சீட்டு வரைக்கும் நடந்து பாத்திருக்கேன். கணக்கு டியூஷன ஞாயித்துக்கெழமைக்கு மாத்திட்டேன். தயவுசெஞ்சு இதத் திருத்திறாதீங்க."

ஆக, தொண்டை வற்றிய தோழர்களே, உயிரைக் கொடுத்து நான் நடத்திய பாடத்தில் முழுசாகத் தேறியது மெஷினும் இல்லை, மாணவர்களும் இல்லை, வகுப்பில் பேரே பதியாத ஒரு வேன் டிரைவர்தான்.