சீனி அண்ணன் பெயரை நீக்கியவள்

தினேஸ்வரியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அவளை அன்றைக்கு அப்படிப் பேசினார்கள். நான் ஷாமினி, அவளுக்குப் பக்கத்து மேசைக்காரி. வாய் கொஞ்சம் நீளம்.

மலேசியாவில், ஈப்போ பக்கத்து ஜெலாப்பாங்கில் எங்கள் அலுவலகம் சின்னதுதான். ஈப்போ சுற்றுவட்டாரக் கிளினிக்குகளின் நோயாளி விவரம், மருந்து விவரம் எல்லாம் இருக்கும் டேட்டாபேஸுக்கு நாங்கள் பேக்கேஜ், அதாவது அதை இயக்கும் மென்பொருள் தொகுப்பு, எழுதுகிறோம். இங்கே ஒருவர் புதிய பேக்கேஜை வெளியிட்டால் அன்றே எல்லாக் கிளினிக்கிலும் போய் உட்கார்ந்துவிடும். அதனால் வெளியிடும் அனுமதி யாரிடம் இருக்கிறது என்பது விளையாட்டு விஷயம் இல்லை.

ஆனால் எங்கள் அனுமதி வரிசை கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. ஏறிய பெயர் இறங்காது. சிங்கப்பூர் வேலைக்குப் போய்விட்ட கோகிலன் இருந்தான். செமோர் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து, இந்த நிறுவனத்தைக் கட்டிய முதலாளி சீனி அண்ணனும் இருந்தார். அவர் கோட் எழுதுவதை எப்போதோ விட்டாயிற்று. யார் பெயரை எடுக்கக் கேட்டாலும், "மனசு கஷ்டப்படும் லா, இருந்துட்டுப் போகட்டும்" என்பார்.

அனுமதிப் பொறுப்பு தினேஸ்வரியிடம் வந்தபோது அவளுக்கு நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒப்பந்த வேலை வேறு. கணவன் தனேஷுக்கு ஃபேக்டரியில் ஆள் குறைத்ததில் வேலை போயிருந்தது. வேறு யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பார்கள். இவள் ஆளாளுக்கு இருந்த அனுமதியை நீக்கி, ஒரே குழுவுக்குக் கொடுத்தாள். பேக்கேஜில் வேலை செய்கிறவர்கள் மட்டும் குழுவில். வேலை மாறினாலோ நீண்ட விடுப்பில் போனாலோ வெளியே.

சீனி அண்ணன் பெயரும் போயிற்று. மீட்டிங்கில் கொதித்துவிட்டார்.

"நான் கட்டுன எடத்துல எனக்கே கதவ சாத்துறியா?"

"நீங்க எல்லாத்தயும் பாக்கலாம் அண்ணே. வெளியிட மட்டும் முடியாது."

"ஒன் கான்ட்ராக்ட் அடுத்த மாசம் முடியுது, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு அண்ணே. அதுக்காக உங்க பேர திரும்பப் போட மாட்டேன்."

"திமிரப் பாரு" என்று முணுமுணுத்தான் யுகேந்திரன். நான் முறைத்த முறைப்பில் அவன் குடித்துக்கொண்டிருந்த தே தாரிக் டீயை மேசையில் கொட்டிக்கொண்டான்.

பிறகுதான் அந்த வாட்ஸ்அப் வந்தது. கல்யாண அழைப்பு, கூடவே ஒரு லிங்க். அழைப்பு என்றால் யார் வீடு என்றுகூடப் பார்க்காமல் திறப்பது எங்கள் ஆட்களின் குணம். சீனி அண்ணனும் தட்டினார், கேட்ட இடத்தில் அலுவலகக் கடவுச்சொல்லையும் போட்டார்.

எவனோ ஒரு களவாணி அவர் பெயரில் உள்ளே நுழைந்தான். கிளினிக்குகளின் மருந்து விவரங்களை மொத்தமாக அழிக்கும் பேக்கேஜ் ஒன்றை வெளியிடப் பார்த்தான். தினேஸ்வரியின் திரையைச் சுற்றி நாங்கள் மூச்சுவிடாமல் நின்றோம். சீனி அண்ணன் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். திரை முழுக்க அவர் பெயர், ஒவ்வொன்றின் கீழும் சிவப்பில் "அனுமதி இல்லை".

"அலாமாக்! இது நானா?"

"உங்க பேரு அண்ணே. நீங்க இல்ல" என்று சொல்லிக்கொண்டே அவள் அந்தக் கணக்கைப் பூட்டினாள். ஒரு கிளினிக்கிலும் ஒரு எழுத்துகூட அழியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது, போங்கள்!

சீனி அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். "கான்ட்ராக்ட் இல்ல, ஒன்ன நிரந்தரமாவே போட்டுடுறேன். இன்னும் என்ன செய்யணும், சொல்லு தங்கச்சி."

"இன்னொரு பேர எடுக்கணும் அண்ணே."

"யாரு?"

"நான்தான். திங்கக்கெழமலேர்ந்து பிரசவ லீவு. அனுமதிப் பொறுப்ப ஷாமினிகிட்ட குடுத்துட்டேன்."

"நீ இருந்துட்டுப் போ..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, "எடுத்துடு ஷாமினி" என்றார்.

எடுத்தேன். வாழ்நாளில் அவ்வளவு பெருமையாக நான் எந்தப் பட்டனையும் அழுத்தியதில்லை.